சத்தம் நின்றுவிட்டதாம்

விமானப் பயிற்சி கிளப்பில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி தினேஷ் போன மாதம் கூப்பிட்டார். சத்தப் புகார் சொல்லுகிறவர்களுக்கு இனிமேல் தொலைபேசி எண் கிடையாதாம். கைப்பேசியில் போட்டுக்கொள்ளும் செயலி ஒன்று வந்துவிட்டதாம். பழைய ஆள் என்ற முறையில், புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்க நான் ஏதாவது எழுதித் தரவேண்டுமாம்.

"நல்ல சம்பவமா நாலு எழுதுங்கண்ணே. பயமுறுத்துற மாதிரி வேணாம்லா" என்றார்.

நல்ல சம்பவம் நாலுக்கு நான் எங்கே போவேன்? எனக்கு எழுத வருவது ஒன்றுதான், அதுவும் நல்லது இல்லை. எழுதினால் கிளப்புக்குக் கெட்ட பேராகுமோ, எழுதாவிட்டால் நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கிளப்பில் என் பேரை யாரும் சொன்னதில்லை, 'ரிசாவ் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். மலாயில் ரிசாவ் என்றால் கவலை. வானம் கறுத்தால் கவலை, வெளுத்தால் ஏன் இன்னும் கறுக்கவில்லை என்று கவலை என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

நான் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். அப்பா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். அவர் சொல்லித்தான் கிளப்பில் விமானம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். கழுவினேன், தள்ளினேன், எண்ணெய் ஊற்றினேன். தமிழ், மலாய், கொஞ்சம் ஹொக்கியன் சீனம் என்று வாய் ஓடியதால் ஒருநாள் தொலைபேசி மேசையில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

வேலை என்னவென்று சொல்கிறேன். ஓடுபாதை பெரிய விமானங்களுக்கு உரியது, நாங்கள் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் குடித்தனக்காரர் மாதிரி. பெரியவை வந்து போகும் இடைவெளியில் எங்கள் சின்ன விமானங்கள் எழும்பும். பழகுகிற பிள்ளைகள் ஓடுபாதையை ஒட்டி வானத்தில் ஒரு சுற்று வந்து, இறங்கி, சக்கரம் தரையில் பட்டதும் நிற்காமல் மறுபடி எழும்புவார்கள். இப்படியே ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப. பெரிய விமானம் இடி மாதிரி போட்டுவிட்டுப் போய்விடும். எங்களுடையது காதைச் சுற்றும் கொசு. கீழே குடியிருக்கிறவர்களுக்கு எது பொறுக்காது என்று சொல்லவேண்டியதில்லை.

காலையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நானும் தலைமைப் பயிற்சியாளரும் நிற்போம். யார் சுற்றில் பறப்பது, யாரைக் கடல் பக்கம் அனுப்புவது என்று அவர் சொல்ல நான் பேர்களை ஒட்டுவேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் சுற்று கிடையாது. பள்ளிப் பரீட்சைக் காலத்தில் குறைத்துவிடுவோம். விமானம் போகும் வழிக்குக் கீழே எந்த வீட்டிலாவது சாவு விழுந்தால் யாராவது கூப்பிட்டுச் சொல்லுவார்கள். பலகையின் மூலையில் வெள்ளைக் காந்தம் ஒன்றை ஒட்டிவிடுவேன். பிணம் எடுக்கும்வரை எல்லா விமானமும் கடலுக்குத்தான். சீனர் வீடோ மலாய்க்காரர் வீடோ நம்மவர் வீடோ, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இந்தக் காந்தம் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் தேவராஜ் கொண்டுவந்த பழக்கம். அவர் ஜார்ஜ்டவுனில் பிறந்த தமிழ்க் கத்தோலிக்கர், ஆகாயப்படையில் இருந்துவிட்டு வந்தவர். கோயிலில் வாசகம் வாசிப்பது போலத்தான் தமிழ் பேசுவார். 'தயவுசெய்து' இல்லாமல் தேத்தண்ணிகூடக் கேட்டதில்லை. தொலைபேசி எடுத்தால் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவார், எதிரே ஆள் நிற்கிற மாதிரி. முதலில் நன்றி சொல்லுவார், பிறகு பேர் கேட்பார், அப்புறம், "தங்களுக்கு என்ன கேட்டது?" என்பார். என்ன பிரச்சினை என்று கேட்கவே மாட்டார். எனக்கும் அப்படித்தான் பழக்கினார். "கோபத்தை விட்டுவிடு. காதில் விழுந்தது என்ன, அதை மட்டும் வாங்கு. அதில்தான் விமானம் எங்கே இருந்தது, என்ன செய்தது என்று தெரியும்." கடைசியில் மறுபடியும் நன்றி. கத்திக்கொண்டு கூப்பிட்டவர்கள் வைக்கும்போது, "சரி கேப்டன், சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவரிடமும் மசியாத ஒருவர் இருந்தார். சரஸ்வதி என்று பேர், நாங்கள் சரசு அக்கா என்போம். தீவின் தெற்குக் கரையில், தெலுக் கும்பார் பக்கம், கடலைப் பார்த்த சின்ன வீடு. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து முன்னறைக் கட்டிலில் கிடந்தார். வாரத்தில் பாதி நாள் அக்காவின் குரல் எனக்கு வந்துவிடும்.

"தம்பி, இன்னைக்கு என் கூரையிலதான் எறங்கப் போறாங்களா? சொன்னா ரெண்டு கோப்பை காப்பி சேர்த்துப் போடுவேன்."

அவர் வீட்டுப் பக்கம் நடந்தது சுற்று இல்லை, வேறு பயிற்சி. எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்று பழக்குவது. உயரத்தில் போகும்போது பயிற்சியாளர் எஞ்சினை அடக்கிவிடுவார். சத்தம் செத்துப்போய், விமானம் காற்றில் சறுக்கிக்கொண்டு இறங்கும். பழகுகிற பிள்ளை கீழே இறங்க இடம் தேடி, அதை நோக்கித் திருப்பவேண்டும். அந்தக் கடற்கரையில் மணல் நீளமாக இருந்ததால் அதைத்தான் எல்லோரும் தேடினார்கள். சரியாக வந்துவிட்டது என்று தெரிந்ததும், தரையைத் தொடாமலே, பயிற்சியாளர் எஞ்சினை முழுதாகத் திறந்து மேலே ஏற்றிவிடுவார்.

அந்தத் திறப்புதான் அக்காவின் வழக்கு. "சத்தம் இருந்தா இருக்கட்டும் தம்பி, அது பாட்டுக்கு ஓடும். இது அப்படி இல்ல. திடீர்னு கப்புனு அடங்கிடுது. அடங்கினதும் இவரு கண்ணைத் தொறந்துக்கிட்டு அடுத்த உறுமல் எப்ப வரும்னு படுத்திருக்காரு. நானும் அடுப்படியில கரண்டியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். வந்ததும் அவரு கை தூக்கிப் போடுது. வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றதில்ல."

இதை நான் கேப்டனிடம் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு வருடத் தைப்பூசத்தில் அருண் ஒரு வேலை செய்தான். அப்போது அவன் பழகுகிற பையன், நல்ல கை, கொஞ்சம் துடுக்கு. அவன் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போயிருக்கிறார். வானத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று, போகக்கூடாத அந்தப் பக்கம் தனியாக ஓட்டிக்கொண்டு போய், கூட்டத்துக்கு மேலே தாழ ஒரு வட்டம் போட்டுவிட்டான். காவடியோடு படி ஏறிக்கொண்டிருந்தவர்கள் மிரண்டு நின்றார்களாம். அன்றைக்கு வந்த அழைப்புகளில் என் காது சூடேறிவிட்டது.

கேப்டன் சத்தம் போடவில்லை. பறப்பதை நிறுத்திவைத்து அவனை என்னோடு அனுப்பினார். "சரஸ்வதி அம்மா வீட்டில் கொஞ்ச நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வா. வேறொன்றும் செய்யவேண்டாம், கேட்டால் போதும்."

என் மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அந்தச் சத்தக்காரனா? உக்காரு. வயிறு ஒட்டிக்கிடக்கு, முதல்ல சாப்பிடு" என்றார். தினமும் மத்தியானம் போய் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அக்கா. உறுமல் வந்தபோது அந்தக் கை அவன் கைக்குள் துள்ளியிருக்கிறது. திரும்பி வந்தபோது பையன் அடங்கியிருந்தான்.

பிறகு அவனே பயிற்சியாளன் ஆனான். அந்தப் பயிற்சியைக் கரையிலிருந்து தள்ளி, கடலுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதும் அவன்தான். கேப்டன் உடனே தலையாட்டவில்லை. பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "கரையென்றால், நிஜமாகவே எஞ்சின் நின்றாலும் கீழே மணல் இருக்கிறது. அங்கே தண்ணீர்தான்" என்றார். நானும் எனக்குத் தெரிந்த கவலையெல்லாம் சொன்னேன். சிரித்தார்கள். கடைசியில் எல்லோரும் மிதவைச் சட்டை போடவேண்டும், முன்பைவிட உயரத்திலேயே எஞ்சினைத் திறந்துவிடவேண்டும் என்று இரண்டு கட்டளை போட்டு ஒப்புக்கொண்டார். தண்ணீருக்கு மேல் இந்தப் பயிற்சி விதிக்கு ஒன்றும் விரோதமில்லை.

அக்காவின் அழைப்பு குறைந்தது. எப்போதாவது கூப்பிட்டாலும் சும்மா பேசத்தான். "இப்ப தூரத்துலதான் கேக்குது. ஆனா காது அதுக்கே பழகிக் கெட்டுப்போச்சு தம்பி. அடங்கினா, திரும்ப வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை." சத்தக்காரன் சௌக்கியமா என்று கேட்காமல் வைக்கமாட்டார். அவனும் தீபாவளிக்கு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான்.

அன்றைக்கு அருண், மெய் என்ற சீனப் பெண்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கடல் பக்கம் போயிருந்தான். புகைமூட்டம் லேசாக இருந்தது, பறக்க முடியாத அளவுக்கு இல்லை. எரிபொருள் வண்டி வந்திருந்ததால் நான் வெளியே நின்றேன். என் மேசையில் கேப்டன் உட்கார்ந்திருந்தார். வேலை முடித்து, கை கழுவி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு உள்ளே வந்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"உன் சரசு அக்கா கூப்பிட்டார். சத்தம் நின்றுவிட்டதாம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல சேதி. நன்றி சொல்லி வைத்தேன்."

"எப்ப கேப்டன்?"

"இப்போதுதான். நீ தேத்தண்ணி குடிக்கப் போனாயே, அதற்கு முன்னால்."

சத்தம் நின்றதைச் சொல்ல அந்த அம்மா கூப்பிடமாட்டார். நின்ற சத்தம் திரும்பி வராவிட்டால்தான் கூப்பிடுவார். "கேப்டன், உறுமல் வரலைன்னுதான் அக்கா சொல்லியிருப்பாங்க" என்றேன். நான் முடிக்கவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. ரேடியோவை எடுத்து அருணைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். கடல் பக்கம் போன விமானம் இடையிடையே 'எல்லாம் சரி' என்று கோபுரத்துக்குச் சொல்லவேண்டும். அடுத்தது சொல்லவேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, அதனால் அங்கே யாரும் தேடவில்லை. கோபுரமும் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். மேல்மூச்சு வாங்கியது அவருக்கு.

"நான் சொல்ல வந்தேன் தம்பி, அவரு நன்றிம்மா, ரொம்ப சந்தோஷம்னு வச்சிட்டாரு. திரும்ப அடிச்சேன், லைன் கிடைக்கல. பக்கத்து வீட்டுப் பாக் டின்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லிட்டேன், சம்பான் படகை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். மீன்பிடிக்கும் கேலோங் கம்புகளுக்கு அந்தப் பக்கம், அங்கேதான் அடங்கியது என்றார். அதைக் கேப்டன் கோபுரத்துக்குச் சொன்னார். மீட்புப் படகு புறப்பட்டது. மேசைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம், உட்காரத் தோன்றவில்லை.

பாக் டின் அந்தச் சீனப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். மிதவைச் சட்டையோடு, கை உடைந்து, நினைவோடு கிடந்தது. விமானம் மூழ்கிவிட்டது. அருணைக் காணோம். மறுநாள் காலையில் இழுவைப் படகுக்காரர்கள் அவனைக் கண்டார்கள். அவன் மிதவைச் சட்டை ஒருபக்கம் கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மெய் சொன்னது இதுதான். எஞ்சினைத் திறந்தார்கள், அது எடுக்கவில்லை. அருண் தானே ஓட்டுப்பிடியை வாங்கி, கரையைப் பார்த்தான், எட்டாது என்று தெரிந்து, தண்ணீரில் இறக்கினான். கதவை உதைத்து முதலில் அவளை வெளியே தள்ளினான். அவனும் வெளியே வந்துவிட்டான். தண்ணீரில் கொஞ்ச நேரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். நெற்றியில் ரத்தம். "பயப்படாதே, கரையில் ஒரு அக்கா இருக்காங்க, அவங்க கேட்டிருப்பாங்க" என்றானாம். பிறகு அலை பிரித்துவிட்டது.

எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தான் என்று கேப்டன் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வேறு மாதிரி வார்த்தைகளில் இன்னொரு முறை கேட்டார். அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. நான் கேப்டனின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

விசாரணை நடந்தது. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஐஸ் கட்டியிருக்கலாம் என்றார்கள். இந்த வெயிலில் ஐஸா என்று நான் வாயைப் பிளந்தேன். காற்றில் ஈரம் அதிகமாக இருந்து எஞ்சினும் அடங்கியிருந்தால், நம்மூரிலும் கட்டுமாம். அதற்குத்தான் சறுக்கும்போது நடுநடுவே எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிட்டுச் சூடாக வைத்துக்கொள்ளச் சொல்லுவார்கள். அருண் அன்றைக்குச் செய்தானா இல்லையா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அக்கா மட்டும், நடுவில் இரண்டு தடவை லேசாகக் கேட்டது என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். கேப்டனின் தொலைபேசிப் பேச்சைப் பற்றி, அதனால் பலன் மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்று முடித்தார்கள். மாறியிருக்காது என்று எங்கும் சொல்லவில்லை. நான் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

கேப்டனுக்கு அந்த முடிவு போதவில்லை. ஒரு மத்தியானம் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "கோபமாகக் கூப்பிட்டவர்களிடமெல்லாம் என்ன கேட்டது என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. நல்ல சேதி என்று நினைத்துவிட்டேன்." மூலையிலிருந்த வெள்ளைக் காந்தத்தை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், திரும்ப ஒட்டினார். அந்த வருடமே வேலையை விட்டுப் போனார். எத்தனையோ முறை கூப்பிட்டேன். மணி அடிக்கும், எடுக்கமாட்டார்.

போவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். அருணைப் பற்றிச் சொல்ல அக்கா வீட்டுக்கு முதலில் போனது நான். வாசலில் நின்றதுமே, "அந்தச் சத்தக்காரப் பிள்ளை அதுல இருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தள்ளிப் போங்கன்னு கத்தினது நான்தானே தம்பி" என்றார். ஊருக்கெல்லாம் கவலைப்படுகிறவன் நான், அந்தக் கேள்வி வரும் என்று யோசித்திருக்கவில்லை.

நான் சொல்ல அதைக் கேட்டுவிட்டுத்தான் கேப்டன் மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தள்ளி வைத்தது என் முடிவு, அம்மா. நீங்கள் கேட்டது சத்தத்தைக் குறைக்க. கடல் என்று நீங்கள் சொல்லவில்லை."

"நீங்க பெரியவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க. உக்காருங்க கேப்டன்" என்றார் அக்கா. தேத்தண்ணி போட்டார். கட்டிலில் கிடந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் குடித்தோம். அன்றைக்கு எந்த விமானமும் பறக்கவில்லை. கடல் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் இருந்தவரை அந்தப் பயிற்சியை அங்கே யாரும் செய்யவில்லை. அக்காவும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரும் போய்விட்டார். சேதி தெரிந்ததும் யாரும் கேட்காமலே பலகையில் காந்தத்தை ஒட்டினேன்.

நான் இப்போது தீவுக்கு எதிர்க்கரையில், சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். தினேஷ் சொன்ன செயலியை மகள்தான் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தாள். தமிழிலும் எழுதலாமாம், நல்லதுதான். அதிக சத்தம், தாழப் பறந்தது, நேரம் கெட்ட நேரம் என்று கட்டங்கள் இருந்தன. எனக்கு வேண்டிய கட்டம் இல்லை. கீழே 'பிற' என்று இருந்த இடத்தில், 'சத்தம் நின்றுவிட்டது' என்று எழுதி அனுப்பினேன். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'மகிழ்ச்சி. தங்கள் புகார் தீர்ந்ததாக முடித்து வைக்கப்பட்டது. நன்றி.'

தினேஷ் தம்பி, இது நல்ல சம்பவம் இல்லை என்று எனக்குத் தெரியும். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அந்த ஒரு வாக்கியத்துக்காவது ஒரு ஆள் பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். என்ன கேட்டது என்று கேட்கத் தெரிந்த ஆளாக இருந்தால் போதும்.

போன வாரம் பாலம் தாண்டிப் போய் அக்காவைப் பார்த்தேன். கிளப் வேறு ஆள்களோடு மறுபடியும் அந்தக் கடல் பக்கம் பறக்கிறது, அடங்குவதும் உறுமுவதும் தூரத்தில் கேட்கிறது என்றார். என் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். செயலியெல்லாம் வேண்டாம், எனக்குக் கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் இன்னும் கூப்பிடவில்லை. நல்ல சேதி என்றுதான் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.